கரையோடு நின்றுவிடும் செய்தி

காரைக்கால் அம்மையாரின் வரலாற்றைச் சேக்கிழார் வாயிலாகக் கேட்கும்போது, பக்திச் சுவையில் ஈடுபட்டுவிடுகிற நாம் அதிகம் கவனியாது விடும் ஓர் அம்சம் அதில் உண்டு. மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய வணிகன் பரமதத்தன், வாணிபத்தைக் காரணமாகச் சொல்லி மரக்கலம் ஏறிப் போகிறான். திரும்பும்போது பாண்டி நாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் இறங்கி, அங்கேயே வேறொரு மணம் புரிந்து, ஒரு பெண் மகவையும் பெற்று வாழ்கிறான். காரைக்காலிலோ புனிதவதியார் அவனை எதிர்பார்த்து மனையறம் காத்துக் கொண்டிருக்கிறார். போனவன் உயிரோடு இருக்கிறானா என்பதுகூட அவ்வூரில் எவருக்கும் தெரியாது. நெடுநாள் சென்றபின், கண்டு வந்தவர்கள் சொல்லித்தான் உறவினர் அறிகின்றனர்.

அந்தக் கதை நிகழ்ந்து பல நூற்றாண்டுகள் சென்றுவிட்டன. இன்று காரைக்காலில் கைபேசி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆயினும் பட்டினச்சேரியிலோ, கிளிஞ்சல்மேட்டிலோ, காரைக்கால்மேட்டிலோ, புயற் காலத்தில் விசைப்படகு திரும்பாத ஒரு வீட்டின் திண்ணையில் போய் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு, புனிதவதியாரின் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையே உள்ள தூரம் அப்படியொன்றும் பெரிதல்ல என்பது விளங்கும். கையில் கைபேசி இருக்கிறது; கூப்பிடுகிறார்கள்; "தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார்" என்று ஒரு யந்திரக் குரல் இனிமையாகப் பதில் சொல்கிறது. அவ்வளவே.

செய்தித் தொடர்பு வலைகளைப் பற்றிய விஞ்ஞான ஆராய்ச்சி நம் காலத்தில் அபாரமாக வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சி முழுவதும் கரையோடு நின்றுவிடுகிறது என்பதையும், அது கடலுக்குள் இன்னும் சில காத தூரம் செல்வதற்கான முயற்சியை நடத்தக் காரைக்காலைப் போன்ற தகுதியான இடம் வேறில்லை என்பதையும் வாசகர்களுக்கு எடுத்துக்காட்டவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இரண்டு மணி நேரம்

2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6 மணி 29 நிமிஷத்துக்குச் சுமத்ரா தீவின் மேற்கே கடலடித் தரை பிளந்தது. பூகம்பத்தின் அளவு 9.1. அங்கிருந்து புறப்பட்ட அலை நம் சோழமண்டலக் கரையைத் தாக்கியபோது மணி ஏறத்தாழ ஒன்பது. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பக்கத்திலேயே உள்ள சின்னஞ்சிறு காரைக்கால் பிராந்தியத்தில் ஐந்நூறை நெருங்கிய எண்ணிக்கையில் உயிர்கள் போயின.

இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆழ்கடலில் இத்தகைய அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 3,000 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அது மணிக்கு 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடுகிறது; ஆகாய விமானத்துக்கு ஒப்பான வேகம். எனினும் அதை விஞ்சும் ஒன்று நம் கையில் இருந்தது. வங்கக் கடலின் அகலமான 1,500 கிலோமீட்டரை வானொலி அலை கடக்க எடுத்துக்கொள்ளும் காலம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. யமன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிரயாணம் செய்து வந்தான். செய்தியோ கண் இமைப்பதற்குள் வந்து சேர்ந்திருக்கலாம். வரவில்லை.

ஏன் வரவில்லை? ஹவாய் தீவுகளில் பசிபிக் சமுத்திரத்துக்கென ஏற்பட்டிருந்த எச்சரிக்கை நிலையத்தார் பூகம்பம் நிகழ்ந்த கால் மணி நேரத்தில் தங்கள் முதல் அறிக்கையை வெளியிட்டார்கள். பசிபிக் கரைகளுக்கு அபாயமில்லை என்பது அதன் சாராம்சம். இந்து மகா சமுத்திரத்து நாடுகளில் யாருக்குச் சொல்வது என்ற ஜாபிதாவே அவர்களிடம் இல்லை. நம் நாட்டிலோ, கார் நிக்கோபாரிலிருந்த விமானப்படைத் தளம் வெள்ளத்தில் மூழ்கிய செய்தி நம் கரையை அலை தொடுமுன்பே சென்னைப் பக்கம் எட்டியிருந்தது. தலைநகரில் ஒரு தகவல் தாள், பதவியிலிருந்து விலகி மாதங்கள் ஆகிவிட்ட ஒரு மந்திரியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாக அக்காலப் பத்திரிகைகள் எழுதின. கருவிகள் இருந்தன, கம்பிகள் இருந்தன, கம்பியில்லாத் தந்தியும் இருந்தது. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு என்ற ஒழுங்குதான் இல்லை.

இதைவிட மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 1881ஆம் வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி கார் நிக்கோபார் அருகே பெரும் பூகம்பம் ஒன்று நிகழ்ந்தது. அப்போது எழுந்த அலைகளை நாகப்பட்டினம் துறைமுகத்தில் வைத்திருந்த நீர்மட்டக் கருவி கோடு போட்டுப் பதிவு செய்திருக்கிறது. அதன்படி அங்கு அலையின் உயரம் சுமார் 1.2 மீட்டர். காரைக்காலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள ஊர் நாகப்பட்டினம். 1883ஆம் வருஷம் கிரகடோவா எரிமலை வெடித்தபோதும் அதே கருவி அலைகளைக் குறித்து வைத்தது. வங்கக் கடலின் மறுகரை அதிர்ந்தால் நம் கரைக்குத் தண்ணீர் வரும் என்ற உண்மை, 120 வருஷங்களுக்கு மேலாக ஆராய்ச்சித் தாள்களில் தூங்கிக் கொண்டிருந்தது. படித்தவர்கள் சிலருக்குத் தெரியும், கிளிஞ்சல்மேட்டுக்குத் தெரியாது.

நல்லவாட்டில் நடந்தது

அதே நாளில் புதுவைக்குத் தெற்கேயுள்ள நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தில் வேறுவிதமாக நடந்தது. அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். அங்கே செய்தியைக் கண்டவர் வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்தார். கடல் நீர் விசித்திரமாக நடந்துகொள்வதாக வீட்டார் சொல்லவும், உடனே ஓடும்படி கூறினார். ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்திருந்த கிராம அறிவு மையம் இருந்தது. அன்று அது பூட்டிக் கிடந்தது. ஊரார் கதவை உடைத்துத் திறந்து, அதிலிருந்த ஒலிபெருக்கியில் எச்சரிக்கையை முழங்கினார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த கிராமம் அது. வீடுகள் போயின, படகுகள் போயின, உயிர்கள் பிழைத்தன.

அந்த ஒலிபெருக்கி அங்கே எப்படி வந்தது என்பது கவனிக்கத் தக்கது. 1998ஆம் வருஷத்திலிருந்து அந்நிறுவனத்தார் வில்லியனூரை மையமாகக் கொண்டு புதுவைக் கிராமங்களைக் கம்பியில்லா முறையில் இணைத்து ஒரு பரீட்சை நடத்தி வந்தனர். கடற்கரைக் கிராமங்களில், மறுநாள் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற தகவலைக் கணிப்பொறியில் இறக்கி, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் ஊர் கேட்கும்படி வாசிப்பார்கள். மீனவர்களுக்குக் கணிப்பொறி என்னத்துக்கு என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. தினந்தோறும் அலையின் உயரம் கேட்டுப் பழகிய காது, அந்த ஒரு நாள் காலையில் "ஓடுங்கள்" என்ற குரலையும் நம்பியது. வருஷத்தில் ஒரு முறை மட்டும் ஒலிக்கும் சங்கை யார் நம்புவார்கள்?

நல்லவாட்டைக் காத்த வலை எத்தனை எளியது! ஒரு தொலைபேசி, ஒரு ஒலிபெருக்கி, நடுவே ஒரு மனிதரின் பாசம். விஞ்ஞானம் செய்ய வேண்டியது அந்தப் பாசத்தின் இடத்தில் ஓர் ஒழுங்கை வைப்பது. பாசம் எல்லா ஊருக்கும் சிங்கப்பூரில் வாய்த்துவிடாது.

சுனாமியைப் பொறுத்தவரை நம் தேசம் அந்த ஒழுங்கைப் பெருமளவு ஏற்படுத்திக் கொண்டுவிட்டது என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். 2007ஆம் வருஷம் அக்டோபர் 15ஆம் தேதி ஹைதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் துவங்கியது. 2012ஆம் வருஷம் ஏப்ரல் 11ஆம் தேதி அதே சுமத்ரா கடலில் 8.6 அளவில் பூகம்பம் நிகழ்ந்தபோது, பத்து நிமிஷத்துக்குள் முதல் அறிக்கை வந்துவிட்டது. பெரிய அலை வரவில்லை. அலை வராததைக் கண்டு கேலி செய்வதற்கு இடமில்லை. அழைத்தவுடன் பதில் வந்தது என்பதே முக்கியம்.

ஆனால் இதுவரை சொன்னது கரையில் இருப்பவர்களுடைய விஷயம். கடலில் இருப்பவனுடைய விஷயம் வேறு.

படகுக்கு ஏன் எட்டுவதில்லை?

2017ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் சீறியபோது, எச்சரிக்கை பிறந்த சமயத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் பல நாள் பிரயாணமாக ஆழ்கடலில் இருந்தன. கரையில் ரேடியோ அலறியது, தொலைக்காட்சி அலறியது, அவர்களுக்கு ஒன்றும் எட்டவில்லை. குமரி ஜில்லாவிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்மக்களை இழந்தன.

எட்டாததற்குக் காரணம் எவருடைய அலட்சியமும் அன்று. பூமி உருண்டையாக இருப்பது. படகுகளில் வைத்திருக்கும் சாதாரண வயர்லெஸ் கருவியின் அலை ஏறக்குறைய நேர்கோட்டிலேயே செல்லும். தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிட்ட படகை அது காணாது. எத்தனை தூரம் காணும் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. கரையிலுள்ள கம்பத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தைக் காண்க; படகிலுள்ள கம்பத்துக்கும் அவ்வாறே செய்க; இரண்டையும் கூட்டி நான்கால் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் ஏறத்தாழக் கிடைக்கும். கரைக் கம்பம் 36 மீட்டர், படகுக் கம்பம் 4 மீட்டர் என்றால், ஆறும் இரண்டும் எட்டு. நான்கால் பெருக்கினால் 32 கிலோமீட்டர். விசைப்படகோ அதற்கு அப்பாலும் போகிறது.

கைபேசியின் கதை இன்னும் வேடிக்கையானது. இரண்டாம் தலைமுறைக் கைபேசி முறையில், ஒரே அலைவரிசையைப் பலர் முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். தூரத்திலுள்ளவனுடைய குரல் தாமதித்து வந்து அடுத்தவன் முறையில் மோதிவிடாதபடி, "நீ இவ்வளவு முந்திப் பேசு" என்று கோபுரம் ஒவ்வொரு கருவிக்கும் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையில் 63 படிகளே உண்டு. ஒரு படிக்கு ஏறத்தாழ 550 மீட்டர். 63 படிகளும் தீர்ந்தால் 35 கிலோமீட்டர். அதற்கு அப்பால், கோபுரத்தின் ஒலி காதில் விழுந்தாலும் கருவியால் பேச முடியாது. நான்காம் தலைமுறையில் இந்த வரம்பை 100 கிலோமீட்டர் வரை விரித்திருக்கிறார்கள். ஆயினும் கோபுரத்தின் முகம் ஊரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கட்டணம் செலுத்துவோர் ஊரில்தானே இருக்கிறார்கள்? ஆகவே கரையை விட்டுச் சில காதம் சென்றதும் கைபேசி வெறும் விளக்காகிவிடுகிறது.

சரி, படகுகளே ஒன்றுக்கொன்று கைமாற்றிக் கொண்டால் என்ன? மேலே சொன்ன கணக்கின்படி, 4 மீட்டர் கம்பமுள்ள இரு படகுகள் 16 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று கேட்கும். ஐந்து படகுகள் வரிசையாக நின்றால் செய்தி கரையைத் தாண்டி நெடுந்தூரம் போய்விடும். நம் மீனவர்கள் இதை வாயாலேயே செய்து வருகிறார்கள். ஒருவன் கேட்டதை அடுத்த படகுக்கு வயர்லெஸில் சொல்கிறான். அவன் அப்பால் உள்ளவனுக்குச் சொல்கிறான். கேரளத்தில் அமிர்தா விசுவ வித்யாபீடத்து ஆராய்ச்சியாளர்கள் இதே எண்ணத்தை யந்திரத்தில் ஏற்றி, 'ஓஷன்நெட்' என்ற பெயரில் மீன்பிடி படகுகளை நெடுந்தூர வைஃபை முறையில் இணைத்துப் பரீட்சித்திருக்கிறார்கள். படகு அலையில் ஆடும்போது கம்பமும் ஆடுகிறது. கம்பம் சாய்ந்தால் குறி தப்புகிறது. இந்த ஆட்டத்தைச் சமாளிப்பதே அங்கே பெரிய ஆராய்ச்சியாயிற்று. மாடியில் உட்கார்ந்து கணிப்பொறியில் மட்டும் பரீட்சை நடத்துபவனுக்கு இந்தத் தொல்லை தோன்றவே தோன்றாது.

இங்கே முன்பு சொன்ன ஹவாய்க்கே ஒருமுறை திரும்ப வேண்டும். அத்தீவுகளில் உள்ள சர்வகலாசாலையின் கிளைகள் கடலால் பிரிக்கப்பட்டிருந்தன. கம்பி போடுவது செலவு. 1971ஆம் வருஷம் நார்மன் ஆபிரம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் அவற்றின் கணிப்பொறிகளை வானொலி மூலம் இணைத்தார்கள். 'அலோஹா' என்று அதற்குப் பெயர். எல்லோரும் ஒரே அலைவரிசையில் நினைத்தபோது பேசலாம். இருவர் பேச்சு மோதிவிட்டால், ஒவ்வொருவரும் குருட்டாம்போக்கில் அமைந்த ஓர் அளவு காத்திருந்து மறுபடி பேச வேண்டும். சந்தைக் கடையில் இரைச்சலுக்கிடையே நாம் செய்வதுதான் இது. இம்முறையில் நேரத்தின் 18 சதவிகிதமே பயன்படும் என்று கணக்கிட்டார்கள். நேரத்தைக் கூறு போட்டுக்கொண்டு, கூறின் ஆரம்பத்தில்தான் பேசலாம் என்று மறு வருஷம் லாரன்ஸ் ராபர்ட்ஸ் ஒரு விதி சேர்த்ததும் அது 37 சதவிகிதமாயிற்று. இன்று உங்கள் கைபேசி முதன்முதலாகக் கோபுரத்தைக் கூப்பிடும் முறை இந்த அலோஹாவின் பேரப்பிள்ளை.

இந்தக் கதையை இங்கே சொன்னதற்குக் காரணம் உண்டு. உலகத்துக்கெல்லாம் பயன்பட்ட ஒரு தத்துவம் நியூயார்க்கிலோ லண்டனிலோ பிறக்கவில்லை. கடலால் துண்டுபட்டுக் கிடந்த ஓர் ஊரில், அவ்வூரின் சொந்தக் கஷ்டத்திலிருந்து பிறந்தது.

மேலிருந்து வரும் குரல்

நெருங்கிய படகுகளுக்குக் கைமாற்று முறை போதும். தனித்துப் போனவனுக்கு வானமே கதி. ஒக்கிக்குப் பிறகு நம் விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனம் இதில் ஊக்கம் காட்டியிருக்கிறது. 2019ஆம் வருஷம் அக்டோபரில் 'ஜெமினி' என்ற சிறு பெட்டி வெளியாயிற்று. செயற்கைக்கோளிலிருந்து புயற் செய்தியையும் மீன் கூட்டங்களின் இருப்பையும் வாங்கி, மீனவனுடைய கைபேசிக்குத் தருவது அது. ஆனால் அது ஒருவழிப் பேச்சு. மேலிருந்து சொல்லும், கீழிருந்து கேட்காது. 2010 முதல் வழக்கிலிருந்த ஆபத்து அறிவிப்புக் கருவியோ இதற்கு நேர் எதிர். "மூழ்குகிறேன்" என்று மீனவன் பொத்தானை அமுக்கலாம், தன் குரல் கேட்டதா என்பது அவனுக்குத் தெரியாது. இருட்டில் கடலில் மிதப்பவனுக்கு, கேட்டுவிட்டோம் என்ற ஒரு பதில் எத்தனை பலம் தரும்! 2024ஆம் வருஷம் ஜனவரியில் வெளியிடப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவியில் அந்தப் பதிலும் சேர்ந்தது. அதே வருஷம் ஆகஸ்டு 30ஆம் தேதி, கடற்கரை மாகாணங்களிலும் யூனியன் பிரதேசங்களிலுமாக 1 லட்சம் படகுகளில் இருவழிச் செய்திப் பெட்டி பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் பால்கரில் துவக்கிவைத்தார். செலவு சுமார் 360 கோடி ரூபாய்.

திட்டம் நல்லது. ஆனால் பெட்டியைப் பொருத்துவது வேறு. அதை மீனவன் அணைக்காமல் வைத்திருப்பது வேறு. தன் படகு எங்கே நிற்கிறது என்பதைக் கரையிலுள்ள ஓர் அதிகாரி எந்நேரமும் பார்க்கலாம் என்றால் மீனவனுக்குத் தயக்கம் வருவது இயற்கை. தலைமுறையாக அறிந்த மீன் பாட்டை அயலான் தெரிந்துகொள்வானே என்பது ஒரு கவலை. எல்லை மீறினாய் என்று நாளைக்கு இதையே சாட்சியாக வைத்துவிடுவார்களோ என்பது மற்றொன்று. 1974ஆம், 1976ஆம் வருஷங்களின் ஒப்பந்தங்கள் கடலில் ஒரு கோடு கிழித்தன. தண்ணீரில் அந்தக் கோடு தெரிவதில்லை. துப்பாக்கி மட்டும் தெரிகிறது. 2025ஆம் வருஷம் ஜனவரி 28ஆம் தேதி நெடுந்தீவு அருகே காரைக்கால் படகு ஒன்றின்மீது இலங்கைக் கடற்படையினர் சுட்டதில், அதிலிருந்த 13 மீனவர்களில் இருவர் பலத்த காயமடைந்தனர். எல்லை நெருங்குகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கும் பெட்டி அத்தகைய படகில் எத்தனை பயனுள்ளது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஆயினும் பெட்டி தன்னைக் காக்க வந்ததா, காட்டிக்கொடுக்க வந்ததா என்ற கேள்விக்கு மீனவன் திருப்தியடையும்படி பதில் சொல்லியாக வேண்டும். எந்தத் தகவலை எவர் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதைச் சட்டமாக எழுதி, கிராமப் பஞ்சாயத்தாருக்குப் படித்துக் காட்ட வேண்டும். இதுவும் செய்தி வலையைப் பற்றிய ஆராய்ச்சியின் ஒரு பகுதியே என்பது நம் அபிப்பிராயம்.

பாஷையின் விஷயமும் இருக்கிறது. "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் தென்மேற்குத் திசையிலிருந்து" என்று அறிக்கை வருகிறது. தமிழ்தான், ஆனால் கடல் தமிழ் அன்று. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு அவன் பெயர் வைத்திருக்கிறான். ஆழத்தைப் பாகத்தில் அளக்கிறான். இத்தனை பாகத் தண்ணீருக்கு அப்பால் போகாதே, கச்சான் முறுகும் என்று சொன்னால் அவனுக்கு உடனே உறைக்கும். காரைக்காலிலேயே அகில இந்திய வானொலியின் நிலையம் உண்டு; கடல் தமிழ் அறிந்த ஒருவரை அங்கே அமர்த்துவது செலவு பிடிக்கும் காரியமும் அன்று.

நிலத்தில் ஒரு தீவு

காரைக்காலின் அமைப்பையும் மறந்துவிடக் கூடாது. 1739ஆம் வருஷம் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி தாய்நாட்டோடு சேர்ந்து, 1962ஆம் வருஷம் ஆகஸ்டு 16ஆம் தேதி சட்டப்படியும் இந்திய மண்ணாகிவிட்ட பிரதேசம் இது. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். வடக்கே மயிலாடுதுறை ஜில்லா, மேற்கே திருவாரூர், தெற்கே நாகப்பட்டினம், மூன்றும் தமிழ்நாடு. இதை ஆளும் புதுவையோ 130 கிலோமீட்டருக்கு அப்பால். தொலைபேசி வட்டம் தமிழ்நாட்டுடன் சேர்ந்தது. சர்க்கார் புதுவையுடன் சேர்ந்தது. புயல் இந்த எல்லைகளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பட்டினச்சேரிப் படகொன்று கரை நோக்கித் திரும்பும்போது அதன் கைபேசி முதலில் பிடிப்பது நாகப்பட்டினத்துக் கோபுரமாகவும் இருக்கலாம். எந்தச் சர்க்காரின் எச்சரிக்கை அவனுக்கு வரும்? இரண்டும் வந்து, ஒன்று போகாதே என்றும் மற்றொன்று மௌனமாகவும் இருந்தால் அவன் எதை நம்புவான்?

இதற்கும் விஞ்ஞானம் ஒரு வழி வைத்திருக்கிறது. குறுஞ்செய்தியை ஒருவர் ஒருவராக அனுப்பாமல், கோபுரத்தின் நிழலில் உள்ள எல்லாக் கருவிகளிலும் ஒரே கணத்தில் மணியடிக்கச் செய்யும் முறையை நம் சி-டாட் ஸ்தாபனம் அமைத்து, 2023ஆம் வருஷத்தில் தேசமெங்கும் பரீட்சித்துப் பார்த்தது. ஜில்லா எல்லையைப் பாராமல் கடற்கரையின் நீளத்தைப் பார்த்து இதைப் பிரயோகிக்க இரண்டு சர்க்கார்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும். ஆனால் கோபுரமே நின்றாலன்றோ மணியடிக்கும்? 2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் போனபின் கோபுரங்கள் எத்தனை மணி நேரம் மூச்சு விடும்? 2004ஆம் வருஷத்தில் அந்தமானில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது, பொழுதுபோக்கு வானொலிப் பரீட்சைக்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த ஸ்ரீமதி பாரதி பிரசாத் என்ற அம்மையார் தம் கருவியைக் கொண்டு தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி சேர்த்தார். பேட்டரியில் ஓடும் ஒரு சிறு பெட்டியும், அதை இயக்கத் தெரிந்த ஒரு மனிதரும் ஒவ்வொரு கடற்கரைக் கிராமத்திலும் இருக்கக் கூடாதா?

இப்போது திருவேட்டக்குடிக்கு வருவோம். ஞானசம்பந்தர் பாடிய தலம்; கடல் அருகே உள்ள ஊர். 2010ஆம் வருஷம் ஏற்பட்ட புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் அங்கேதான் இருக்கிறது. மின்னணுவியல், தொடர்பியல், கணிப்பொறி ஆகிய துறைகள் எல்லாம் அங்கே உண்டு. காரைக்காலிலேயே வானிலை இலாகாவின் ராடாரும் இருக்கிறது. சுற்றிலும் மீனவர் கிராமங்கள். பரீட்சைக்குக் கடல், பரீட்சைக்குப் படகு, பரீட்சைக்குப் புயல், மூன்றும் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொண்டிருக்கும் ஆராய்ச்சிக் கூடங்கள் உலகில் அதிகமில்லை.

நம்மால் ஆகுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கம்பியில்லா அலையை 1895ஆம் வருஷத்திலேயே கல்கத்தா டவுன் ஹாலில் பலர் காணச் செலுத்திக் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவது பழம்பெருமை ஆகிவிடும். அண்மைக் காலத்து உதாரணமே போதும். 1984ஆம் வருஷம் சி-டாட் ஏற்பட்டபோது, அந்நிய நாட்டுத் தொலைபேசி யந்திரங்கள் குளிர்ச்சாதன அறையின்றி நம் கிராமத்துப் புழுதியிலும் வெயிலிலும் வேலை செய்ய மறுத்தன. வெயிலையும் புழுதியையும் முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டு நம் இளைஞர்கள் வேறொரு யந்திரத்தை வகுத்தார்கள். 128 இணைப்புகள் கொண்ட அந்தச் சிறு யந்திரம் 1986ஆம் வருஷம் கர்நாடகத்துக் கிட்டூரில் முதன்முதலாக நிறுவப்பட்டது. பிறகு தேசத்துக் கிராமங்களில் அது பரவிய வரலாறு எல்லோரும் அறிந்தது.

காரைக்காலுக்கும் அத்தகைய நிபந்தனைகள் உண்டு: உப்புக் காற்று, ஆடும் கம்பம், ஈரக் கையால் அமுக்கும் பொத்தான், டீசல் செலவைக் கணக்கிட்டுக் கலங்கும் மனம். இவற்றை முதலில் எழுதி வைத்துக்கொண்டு ஆராய்ச்சியைத் துவங்க வேண்டும். ஒரு கிராமத்தில் இருபது படகுகளை எடுத்துக்கொண்டு, அரசலாற்று முகத்துவாரத்தில் ஒரு கம்பமும் கழகத்தின் மாடியில் ஒரு கம்பமும் நட்டு, ஒரு வாடைப் பருவம் முழுவதும் படகிலிருந்து படகுக்குச் செய்தி கைமாறுகிறதா என்று பார்த்தால் என்ன? எத்தனை செய்தி போனது, எத்தனை தொலைந்தது, எந்த இரவில் தொலைந்தது என்று கணக்கு வைத்து, அந்தக் கணக்கைத் தமிழில் அச்சிட்டு அந்தக் கிராமத்துப் பஞ்சாயத்தாரிடம் கொடுக்க வேண்டும். புதுவைச் சர்க்காரின் மீன்வளத் துறை இதற்குப் பணம் ஒதுக்கலாம். வடகிழக்குப் பருவம் அக்டோபரில் வந்துவிடும். அதற்கு முன் கம்பங்களை நட்டாக வேண்டும்.